பாலம் உடைந்த வாரம்

மார்ச் 3

வாயாடிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். வாராவாரம் பத்திரிகையில் உன் படம் வருகிறது, கன்னத்தில் சதை வைத்திருக்கிறது.

முதலில் தொழில் விஷயம். உன் தொடர்கதையில் வருகிற ஆம்புலன்ஸுக்கு ஐந்து கியர் போட்டிருக்கிறாய். போரில் நாம் ஓட்டிய வண்டிக்கு நாலுதான். அதிலும் மூன்றாவது நிற்காது. அந்த வண்டிக்கு அடியில் படுத்தே என் பாதி இளமை போனது, அதற்காகவாவது சரியாக எழுது.

இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். போன வாரம் வரைக்கும் உன் ஆட்கள் முகாமில் சீட்டாடிக்கொண்டும் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். எனக்கும் சிரிப்பாக இருந்தது. பத்திரிகை வந்ததும் என் வீட்டுக்காரி அதை ஒர்க்ஷாப்புக்கே எடுத்து வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். நான் ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்தபடி கேட்பேன். இந்த வாரம் பாலம் உடைந்துவிட்டது என்று படித்தாள். படித்துவிட்டு, "அப்ப சுத்து வழியாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், இல்ல?" என்று என்னைக் கேட்டாள். கையிலிருந்த ஸ்பேனர் என் மூக்கின் மேல் விழுந்தது. இன்னும் வீங்கியிருக்கிறது.

அது எந்தப் பாலம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுற்று வழியில் நம் வண்டியின் பின்பக்கம் யார் படுத்திருந்தது என்பதும் தெரியும். நெட்டை. அவன் என் வீட்டுக்காரிக்கு ஒரே தம்பி. "குண்டு பட்ட இடத்துலயே போயிட்டான், என் மடியிலதான் தலை இருந்தது" என்று அவள் வீட்டு வாசலில் நின்று நான் சொன்னபோது, நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். இத்தனை வருஷமாக அவள் அதை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வண்டியைக் கிளப்பாதே. பாலத்தைச் சரி பண்ணிவிடு. யாராவது ஒரு இன்ஜினியரைக் கதைக்குள் வரவழை. உனக்கென்ன, பேனாவை எடுத்தால் பாலம் ரெடி.

ஸ்பேனர்


மார்ச் 7

ஸ்பேனருக்கு,

மூக்குக்கு ஐஸ் வை. உன் கடிதம் வந்ததிலிருந்து நான் உட்காரவில்லை, ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறேன், கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து "மேல குதிரை ஏதாவது வாங்கிக் கட்டியிருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார், அவர் போன பிறகும் நடக்கிறேன்.

என் வாக்கியங்கள் முடிவதே இல்லை என்று எழுதுகிறார்கள், சிலர் பாராட்டாக, சிலர் எரிச்சலாக. இந்த நடையை எந்த மேதையிடமிருந்து எடுத்தேன் என்று ஒரு பேராசிரியர் கட்டுரையே போட்டார். நான் எங்கே கற்றேன் என்று தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது, பின்னால் படுத்திருக்கிறவன் கண்ணை மூடிவிடக் கூடாது, நடுவில் ஒரு தகரம், அதில் என் பிடரிக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்குத் திறப்பு. அது வழியாக நான் பேசிக்கொண்டே போக வேண்டும், அவர்கள் உம் கொட்டினால் இன்ஜின் இரைச்சலில் கேட்காது என்பதால் தகரத்தில் தட்ட வேண்டும். தட்டு வருகிற வரைக்கும் ஆள் இருக்கிறான். வாக்கியத்தை முடித்தால் கதை முடிந்தது என்று அவன் கண்ணை மூடிவிடுவான், அதனால் நான் முடித்ததே இல்லை. அப்படிப் பயந்து பயந்து பேசினவனுக்கு, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு மட்டும் எப்படி முடிக்க வரும்?

நீ பாலத்தைச் சரி பண்ணச் சொல்கிறாய். ஊர் திரும்பியதிலிருந்து நான் எழுதிக் கிழித்தது, அச்சானது, ஆகாதது எல்லாமே அந்தச் சுற்று வழிக்கு ஒத்திகைதான். இந்த நாவலில் இதுவரை வந்த அத்தனை பக்கமும் அந்த வண்டியைக் கிளப்புவதற்காக எழுதியவை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சீட்டாட்டம்.

கவலைப்படாதே, வேண்டியதைச் செய்துவிட்டேன். நெட்டையைக் குள்ளனாக்கிவிட்டேன். அவன் அக்காவைத் தங்கையாக்கிவிட்டேன். உன்னை ஃபிட்டர் என்று மாற்றி, ஒரு மீசையும் கொடுத்திருக்கிறேன், கண்ணாடியில் பார்த்தால் உனக்கே பொறாமையாக இருக்கும். உன் வீட்டுக்காரிக்கு ஒரு சந்தேகமும் வராது.

வாயாடி


மார்ச் 13

வாயாடிக்கு,

சந்தேகம் வராது என்றாய். வந்துவிட்டது.

நேற்று வழக்கம்போல டயர் மேல் உட்கார்ந்து படித்தாள். ஓட்டுகிறவன் கதை சொல்லுகிறான், குள்ளன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, நகத்தால் ஒரு கீறு கீறுகிறான் என்று வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வரியை இன்னொரு தடவை வாய்க்குள்ளேயே படித்தாள்.

தட்டுவது நம் வண்டிப் பழக்கம் என்றுதான் நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எல்லோரும் தட்டினார்கள், சரி. ஆனால் அந்தக் கீறல் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது என்கிறாள். சின்ன வயதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டில், இந்தப் பக்கம் அவன் கட்டில். அவள் கதை சொல்லுவாள். அவன் இரண்டு தட்டு, ஒரு கீறல். அதற்கு "அப்புறம்?" என்று அர்த்தம். அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம். ஆளைக் குள்ளமாக்கத் தெரிந்த உனக்கு அந்த நகத்தை வெட்டத் தெரியவில்லை.

"இது யாரோட கதை?" என்று கேட்டாள்.

"கதைதானே. சும்மா கற்பனையா எழுதியிருப்பான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பத்திரிகையை மடித்து டயருக்குள் செருகிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில் வருகிறது, தானாக ஒன்றும் வருவதில்லை.

அவன் பின்னால் தனியாகக் கிடந்தான் என்று தெரிந்தால் அழுவாள். அதைக்கூட எப்படியாவது சொல்லிச் சமாளிக்கலாம். செல்ஃப் மோட்டார் போய்விட்டது, வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. மூன்றாவது கியர் நழுவிக்கொண்டே இருந்தது, வழி முழுக்க நான் லீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு பேரில் ஒருத்தரும் பின்னால் போக முடியவில்லை. இதெல்லாம் இரும்புச் சமாசாரம், அவளுக்குப் புரியும்.

எனக்குப் பயம் அடுத்த வாரத்தைப் பற்றித்தான். கையிருப்புக் கதையெல்லாம் தீர்ந்ததும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "டேய் நெட்டை, இந்த ஸ்பேனர் உன் அக்காவைக் கட்டிக்கப் போறான், கல்யாணம் எப்படி நடந்ததுன்னு கேட்டுக்க" என்று ஆரம்பித்தாய். நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. நீ பாட்டுக்கு பேண்டு வாசிக்க வைத்தாய், முன்வரிசை நாற்காலி கிடைக்காமல் பெரியப்பாவைக் கோபித்துக்கொள்ள வைத்தாய், ஊர்வலக் கார் நடுரோட்டில் நின்று மாப்பிள்ளை புதுச்சட்டையோடு அதற்கு அடியில் படுக்கிறான் என்றாய். எல்லாவற்றுக்கும் அவன் தட்டினான். கடைசியில், "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காடா?" என்று கேட்டாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தட்டிட்டான்டா" என்றாய்.

போர் முடிந்து அவள் வீட்டுக்கு நான் திரும்பத் திரும்பப் போனது அதற்காகத்தான். அவளைப் பார்க்கும் முன்பே முடிவு பண்ணிவிட்டேன். பிறகு மனதார அவளைப் பிடித்துப்போனது வேறு விஷயம். ஆனால் இது தெரிந்தால் அதை அவள் நம்ப வேண்டுமே. சாகிறவனுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கட்டிக்கொண்டான் என்றுதான் நினைப்பாள். அதற்கப்புறம் அவள் எதிரில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

கல்யாணக் கதையை மட்டும் எடுத்துவிடு. குள்ளனுக்கு வேறு ஏதாவது சொல்லு. புலி வேட்டை சொல்லு.

ஸ்பேனர்


மார்ச் 17

ஸ்பேனருக்கு,

புலி வேட்டை சொல்லிப் பார்த்தேன். உண்மையாகவே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். புலி வருகிறது, உறுமுகிறது, குள்ளன் தட்ட மாட்டேன் என்கிறான். பொக்கிஷம் சொன்னேன், கப்பல் சொன்னேன், பேய் சொன்னேன், அவனுக்கு எதுவும் ஒட்டவில்லை. தன்னோடு சம்பந்தமில்லாத கதையை அந்த நிலைமையில் யார் கேட்பார்கள்? வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் கேட்பார்கள், தான் இல்லாவிட்டாலும் அங்கே பேண்டு வாசிக்கும், பெரியப்பா கோபித்துக்கொள்வார் என்று சொன்னால்தான். அதனால் கல்யாணத்தையே திரும்ப எழுதி அனுப்பிவிட்டேன். இந்த வாரம் மேட்டுப் பாதையோடு முடிகிறது, அடுத்த வாரம் கல்யாணம். அச்சுக் கோக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், நீ பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. என் அத்தியாயத்தில் ஓட்டுகிறவன் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறான், காத்திருக்கிறான், வண்டி மேட்டில் ஏறுகிறது, தகரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் ஃபிட்டருக்குக் கை நழுவுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் லீவரை விட்டுவிடுவான் போலிருக்கிறது, விட்டால் வண்டி பின்னால் உருண்டுவிடும். அப்போதுதான் ஓட்டுகிறவன் திரும்பி "தட்டிட்டான்" என்கிறான். ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கிறான். வண்டி ஏறிவிடுகிறது.

இது நாவல் என்பதை மறந்துவிடாதே.

வாயாடி


மார்ச் 20

நாவல் கிடக்கட்டும்.

அந்தத் திறப்பு உன் பிடரிக்குப் பின்னால் இருந்தது. என் பக்கம் இன்ஜின் இரைச்சல்தான். எனக்கு ஒரு தட்டும் கேட்டதில்லை, நீ சொன்னதுதான் கணக்கு. நீ சொன்னதை வைத்துக்கொண்டு நான் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன்.

தட்டினானா, இல்லையா?

கார்டில் ஒரே வார்த்தை எழுது. நடுவில் கமா போட்டு இழுத்தால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஸ்பேனர்


மார்ச் 23

ஸ்பேனருக்கு,

தெரியாது.

ஒரே வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன், முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் மீதியையும் படி.

எழுத ஆரம்பித்தபோது எனக்குத் தெரிந்திருந்தது. தட்டினான் என்று ஒரு தடவை எழுதினேன், அது சரியாக வராததால் தட்டவில்லை என்று எழுதினேன், லேசாகத் தட்டின மாதிரி இருந்தது என்று எழுதினேன், தட்டினது அவனா, சாலைக் கல் தகரத்தில் பட்டதா என்று எழுதினேன். வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதியதில் எது நடந்தது என்பது தேய்ந்து போய்விட்டது. இப்போது கண்ணை மூடிக் கேட்டால், எந்த வடிவத்தைக் கடைசியாக எழுதினேனோ அதுதான் கேட்கிறது. நேற்று முழுக்க நாற்காலியை மேஜைக்கு முன்னால் போட்டு, ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், பைத்தியம் என்று நீ சிரிக்கலாம். மேடு வந்தது, உன் மூச்சுச் சத்தம் வந்தது, டீசல் நாற்றம்கூட வந்தது. அந்த ஒரு இடம் மட்டும் வெறும் காகிதமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பயணத்திலிருந்துதான் இந்த நாவல் வந்தது, கடைசியில் நாவலே அந்தப் பயணத்தைத் தின்றுவிட்டது.

உன் வீடா, என் புத்தகமா என்று நடந்து நடந்து யோசித்தேன். எனக்கு வீடு என்று ஒன்று அமையவில்லை, அதனால் உன் வீட்டின் கனம் எனக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நீ லீவரை விட்டிருந்தால் நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அது தெரியும். இன்று காலை அச்சகத்துக்குப் போய் அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன சார் இது, வாசகர்களை நடுமேட்டுல இறக்கி விட்டுட்டுப் போறீங்களே?" என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்று போட்டுவிடச் சொன்னேன்.

அந்த அத்தியாயம் இல்லாமல் மேற்கொண்டு எழுத எனக்கு ஒன்றுமில்லை. நீ வேண்டாம் என்றால், கோத்த எழுத்தைப் பிரித்துப் போடச் சொல்லிவிடுகிறேன். தொடர் அதோடு நின்றுவிடும். கோபமில்லாமல்தான் சொல்கிறேன்.

வாயாடி


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

உனக்கு உடம்பு சரியில்லை என்று பத்திரிகையில் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். அவள் அதைக் கொண்டுவந்து டயர் மேல் உட்கார்ந்தாள். படிக்க ஒன்றுமில்லை. "அவர் உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?" என்றாள்.

நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவள் கால் மட்டும்தான் தெரியும். முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் போல எனக்கு அலங்காரம் வராது, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன்.

"அப்ப உங்க மடியில தலை இல்லையா?"

"இல்ல. பின்னால தனியாத்தான் கிடந்தான்."

கால் அசையவில்லை. நான் வெளியே வரப் பார்த்தேன். "அங்கேயே இருங்க. மிச்சத்தையும் சொல்லுங்க" என்றாள், குரல் மாறியிருந்தது. சொன்னேன். புதுச்சட்டையோடு மாப்பிள்ளை காருக்கு அடியில் படுத்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அந்த மாதிரி அவள் அழுது நான் பார்த்ததில்லை, சாவுச் செய்தி சொன்ன அன்றைக்குக்கூட இல்லை. கையில் கிரீஸோடு நான் ஆக்ஸிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தனியா இல்லையே. கதை கேட்டுக்கிட்டுத்தானே போயிருக்கான்" என்றாள். "உங்க மடியில பட்டுனு போனான்னு நீங்க சொன்னதுலதான் எனக்கு ஆறவே இல்ல. ஒரு வார்த்தைகூடக் கேட்காம போயிட்டானேன்னு இருந்தது."

அவளைத் தேற்றுகிறது என்று நான் நினைத்திருந்தது அவளுக்கு முள்ளாகத்தான் இருந்திருக்கிறது. யாரை நொந்துகொள்வது?

தட்டினானா இல்லையா என்று உனக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். "தட்டியிருக்க மாட்டான்" என்றாள், யோசிக்காமல். "எனக்கு வந்த வரன் ஒண்ணையாவது அவனுக்குப் பிடிச்சிருக்கா? ஒருத்தன் காது பெருசுன்னான், ஒருத்தன் நடக்கிறது வாத்து மாதிரி இருக்குன்னான். உங்களை மட்டும் இருட்டுல படுத்துக்கிட்டே பிடிச்சிடுமா?"

அப்போதுதான் வெளியே வந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். "அப்ப நான் எதுக்கு உன் வீட்டுக்கு வந்துட்டிருந்தேன்னு நினைக்கிறே?"

"அவனுக்காக வர்றீங்கன்னு அன்னிக்கே தெரியும். சாவு சொல்ல வந்த மனுஷன் ஒருதடவை வருவார். நீங்க வாராவாரம் வந்தீங்க. முகத்தை உர்ருனு வச்சுக்கிட்டு, எதையோ தீர்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தீங்க."

அவள் பக்கத்தில் இன்னொரு டயர் மேல் உட்கார்ந்தேன். அவள் உனக்கு எழுதச் சொன்னது இது: அத்தியாயத்தைப் போடு. தட்டுவதோ தட்டாததோ உன் இஷ்டம், அதில் அவளுக்கு வழக்கில்லை. உன் கையெழுத்துப் பிரதியில் குள்ளனின் தங்கைக்காரி பின்னால் என்ன செய்கிறாள் என்று கேட்டாள். ஃபிட்டர் வந்து விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதிக்கிறாள் என்று எழுதியிருப்பாய் என்றேன். உன்னை எனக்குத் தெரியாதா? அதை அடித்துவிடச் சொல்கிறாள். "அவர் வாசல் வரைக்கும்தான் கூட வந்தார். வீட்டுக்குள்ள என்ன நடந்ததுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்றேன், எழுதிக்கச் சொல்லுங்க."

சொன்னாள். அப்போது அவள் துணி தைத்துக் கொடுத்துதான் வீடு நடந்தது. நான் போகும்போதெல்லாம் தையல் மெஷினில் ஊசியைப் பிடிக்கிற திருகாணி கழன்றிருக்கும். நான் முடுக்கிக் கொடுப்பேன், அடுத்த வாரம் மறுபடி கழன்றிருக்கும். மரை தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். புதுத் திருகாணிகூட வாங்கிப் போட்டேன், அதுவும் நிற்கவில்லை. இத்தனை வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன், என்னால் சரி பண்ண முடியாமல் போனது அது ஒன்றுதான் என்று உன்னிடம்கூடப் புலம்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அது ஒருநாளும் கழன்றதில்லை, அதையும் நான் யோசித்ததில்லை.

அவள் என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தாள். "ரெண்டு வருஷம் நான் கழட்டிக்கிட்டே இருந்தேன், நீங்க முடுக்கிக்கிட்டே இருந்தீங்க. இதுல என் தம்பி எங்க வந்தான்?"

ஸ்பேனர்